219 ஆட்டம், கோல் 0: பெக்கி சாவர்பிரனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெக்கி சாவர்பிரன் அவர்களுக்கு,

உங்கள் பெயரைத் தேடினால் எடுத்தவுடன் வருவது அந்தக் கணக்குதான். அமெரிக்கப் பெண்கள் தேசியக் கால்பந்து அணிக்குத் தடுப்பாட்டக்காரராக 219 ஆட்டம், கோல் 0. ஒரு கோல்கூடவா போடவில்லை என்று கேட்டுச் சிரிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2015 பெண்கள் உலகக் கோப்பையைப் பற்றி யாரைக் கேட்டாலும், இறுதி ஆட்டத்தில் உங்கள் அணியின் கார்லி லாயிட் முதல் 16 நிமிடத்துக்குள் போட்ட மூன்று கோலைத்தான் சொல்வார்கள், அதிலும் நடுக்கோட்டிலிருந்து அடித்ததை. சொல்லட்டும், அப்பேர்ப்பட்ட கோல்தான் அது. ஆனால் அந்த ஆட்டம்வரை அணியைக் கொண்டுவந்து சேர்த்தது பின்வரிசை. முதல் ஆட்டத்தின் 27ஆவது நிமிடத்தில் ஆஸ்திரேலியா ஒரு கோல் போட்டது. அடுத்த கோலை நீங்கள் வாங்கியது இறுதி ஆட்டத்தின் 27ஆவது நிமிடத்தில், ஜப்பானிடம். நடுவில் 540 நிமிடம்! ஸ்வீடன், நைஜீரியா, கொலம்பியா, சீனா, ஜெர்மனி என்று ஐந்து அணிகளும் வெறுங்கையோடு போயின. இத்தனைக்கும் முன்வரிசை கோல் மழை ஒன்றும் பொழியவில்லை. ஸ்வீடனோடு 0-0, நைஜீரியாவையும் சீனாவையும் வென்றது வெறும் 1-0. பின்வரிசையில் ஒரே ஒரு சறுக்கல் போதும், கதையே மாறியிருக்கும். அரையிறுதியில் ஜெர்மனிக்குப் பெனால்டி கிடைத்து, செலியா ஷாஷிச் அதை வெளியே அடித்தாரே, அங்கே அதிர்ஷ்டமும் கைகொடுத்தது, மறுக்கவில்லை. மற்றதெல்லாம் உழைப்பு. அந்தத் தொடரில் நீங்கள் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை.

உங்கள் ஆட்டத்தைப் பார்க்கப் பொறுமை வேண்டும், பந்தை விட்டுவிட்டு உங்களை மட்டும் பார்க்க வேண்டும். தரையில் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கிற தடுப்பாட்டக்காரருக்குக் கைதட்டல் கிடைக்கும். நீங்களோ எதிராளி எங்கே பந்தைத் தள்ளப் போகிறார் என்று முன்னாலேயே கணித்து, இரண்டு அடி நகர்ந்து அந்த வழியில் போய் நின்றுவிடுவீர்கள், பாஸ் கொடுக்க இடமில்லாமல் அவர் பந்தைப் பின்னால் திருப்பிவிடுவார். அது எந்தப் புள்ளிவிவரத்தில் ஏறும்?

நீங்கள் ஏறி வந்த பாதையும் லேசானதில்லை. செயின்ட் லூயிஸில் பிறந்து, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டே ஆடி, கல்லூரி அளவில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராகப் பெயரெடுத்தீர்கள். 2008 ஜனவரியில் சீனாவில் கனடாவுக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம், அதிலேயே மூக்கு உடைந்தது. அந்த ஆண்டுக்குப் பிறகு 2010 வரை தேசிய அணியில் உங்களுக்கு இடமே இல்லை. 2011 உலகக் கோப்பையிலும் பெஞ்சுதான். சக தடுப்பாட்டக்காரர் ரேச்சல் பியூலர் சிவப்பு அட்டை வாங்கியதால் பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில் திடீரென்று இறக்கினார்கள், 3-1 என்று ஜெயித்தீர்கள், இறுதி ஆட்டத்துக்கு மறுபடியும் பெஞ்சு. முகம் சுளிக்காமல் போய் உட்கார்ந்தீர்கள்.

கிளப் வாழ்க்கையும் அப்படித்தான். நீங்கள் ஆடிய வாஷிங்டன் ஃப்ரீடம் கிளப் ஃபுளோரிடாவுக்குப் போய் வேறு பெயர் வைத்துக்கொண்டது, 2012இல் அது ஆடிய பெண்கள் லீகையே மூடிவிட்டார்கள். 2013இல் புது லீக் வந்தது. கான்சாஸ் சிட்டிக்கு 2014லும் 2015லும் கோப்பை வாங்கிக் கொடுத்தீர்கள், 2017 முடிவில் அந்தக் கிளப்பும் இல்லாமல் போனது. அப்புறம் யூட்டா, அப்புறம் போர்ட்லாண்ட். நாளைக்குக் கிளப் இருக்குமா என்று தெரியாத இடத்தில் ஆடிக்கொண்டு, அந்த லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை வாங்கினீர்கள்.

2019 இறுதி ஆட்டத்தில் தலை மோதி ரத்தம் வழிந்தபோதும் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்தீர்களே, அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதைவிட நான் மதிப்பது மைதானத்துக்கு வெளியே நீங்கள் செய்ததை. சம ஊதியம் கேட்டு 2016இல் புகார் கொடுத்த ஐந்து பேரில் நீங்கள் ஒருவர். 2019இல் 28 பேராக வழக்குப் போட்டீர்கள், 2022இல் 2.4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது, அதே ஆண்டு ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே ஊதியம் என்று ஒப்பந்தமும் வந்தது. அந்த அக்டோபரில், லீகில் வீராங்கனைகளுக்கு நடந்த கொடுமைகளைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளியானபோது, எங்களைக் காப்பாற்றத் தவறிய உரிமையாளர்களும் அதிகாரிகளும் போக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னீர்கள். உங்கள் சொந்த கிளப்பின் உரிமையாளரும் அதில் சேர்த்தியா என்று கேட்டபோதும் பின்வாங்கவில்லை. சம்பளம் கொடுக்கிறவரை எதிர்த்து எத்தனை பேர் அப்படிப் பேசுவார்கள்? அதே மாதம் அந்தக் கிளப்புக்காகவே ஆடிக் கோப்பையும் வென்றீர்கள்.

2023 உலகக் கோப்பைக்குக் கால் காயத்தால் நீங்கள் போக முடியாதது எனக்கு இன்னும் ஆறவில்லை. 2024 டிசம்பரில் ஓய்வு அறிவித்தீர்கள், சரி, போதுமான அளவு ஓடிவிட்டீர்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. இலக்கியம் படித்தவர் நீங்கள், புத்தகப் பிரியர் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். தடுப்பாட்டத்தைப் பற்றி எழுதுங்கள். பந்து வருவதற்கு முன்னால் என்ன பார்த்தீர்கள், பின்வரிசையில் உங்கள் பக்கத்தில் ஆடிய ஜூலி ஜான்ஸ்டனுக்கு என்ன சொல்லிக் கத்தினீர்கள், எப்போது முன்னேறக் கூடாது என்று எப்படி முடிவெடுத்தீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த 540 நிமிடத்தை மட்டும் எழுதினாலும் வாங்கிப் படிக்க நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்