யானை இல்லாத யானைக் கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேட்டு உறவுகளுக்கு வணக்கம்.

தாயை இழந்த யானைக் குட்டிகள் மனிதர் கையில் வளர்ந்து மறுபடி காட்டுக்குப் போவதைப் பற்றி நம் பகுதிப் பள்ளியில் நடந்த கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. கைகொடுத்தவர்கள் பலரை அன்றைய கூட்டத்தில் நேரில் பார்த்து நன்றி சொல்ல முடியவில்லை. யார் என்ன செய்தார்கள், அதனால் வந்தவர்களுக்கு எது விளங்கியது என்பதை எழுதி வைப்பது எங்கள் கடமை.

முதலில் பழைய வண்ணாரப்பேட்டைத் தையல்காரர்கள். குட்டி யானை பால் குடிப்பது வாயால், தும்பிக்கையால் இல்லை. குடிக்கும்போது தும்பிக்கையைத் தூக்கித் தாயின் உடம்பில் சாய்த்துக்கொள்ளும். சாய்க்க ஒன்றும் இல்லாவிட்டால் பல குட்டிகள் புட்டியைத் தள்ளிவிடும். அதனால்தான் கென்யாவில், நைரோபியில் இருக்கும் ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் வளர்ப்பகத்தில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் நின்று புட்டியை நீட்டுகிறார்கள். இதைச் செய்துகாட்ட நாங்கள் கேட்டது ஒரு சாதாரணத் திரை. கடல் காற்றில் அது பறக்கும் என்று சொல்லி, இரண்டு பழைய கம்பளிகளைச் சேர்த்துத் தைத்து, மேலே கயிறு போக வளையம் அடித்து, கீழ்மடிப்பில் மணலை நிரப்பிக் கொடுத்தீர்கள். கண்காட்சி முடியும்வரை அது அசையவில்லை. பிள்ளைகள் முழங்கையை அதில் சாய்த்துக்கொண்டு புட்டியை வாங்கிப் பார்த்தபோது, குட்டிக்கு அந்தத் துணி எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே இடத்தில் நின்ற ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் அம்மாவுக்கு நன்றி. புட்டியைப் பிடிக்கும் விதத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் சலிக்காமல் திருத்தினார்: காம்புப் பக்கம் எப்போதும் பால் நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குட்டி காற்றை விழுங்கும்; வேகமாக ஊற்றினால் பால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். நைரோபியில் சின்னக் குட்டிகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், இரவிலும் பால். ஓரளவு வளர்ந்த குட்டி ஒரு நாளைக்குச் சுமார் 24 லிட்டர் குடிக்கும். அந்தக் கணக்கைக் காட்ட, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் 24-ஐ வரிசையாக அடுக்கித் தந்த டீக்கடை அண்ணனையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

பசும்பால் கொடுத்தால் என்ன என்று கேட்காத ஆளே இல்லை. பசும்பாலில் இருக்கும் கொழுப்பு யானைக் குட்டிக்குச் செரிக்காது. பேதி பிடிக்கும், உடம்பு வற்றும், சில நாளில் உயிர் போகும். நைரோபி அறக்கட்டளையைத் தொடங்கிய டாஃப்னி ஷெல்ட்ரிக் பல ஆண்டுகள் பல கலவைகளைக் கொடுத்துப் பார்த்து, குட்டிகளைப் பறிகொடுத்து, கடைசியில் கண்டுபிடித்தது தேங்காய் எண்ணெய். யானைப்பாலின் கொழுப்புக்கு மிக நெருங்கியது அதுதான். கொத்தவால் சாவடி எண்ணெய்க் கடைக்காரர் டின்னோடு வந்து நின்று, எண்ணெயை இளஞ்சூட்டு நீரில் பால்மாவோடு அடித்துக் கலக்கிக் காட்டினார். நீர் ஆறிப்போனால் எண்ணெய் மேலே மிதக்கும், குட்டிக்கு வெறும் தண்ணீர்ப் பால்தான் போய்ச்சேரும் என்று அவர் சொன்ன இடத்தில் எங்கள் விளக்க அட்டையையே மாற்றி எழுதினோம்.

வியாசர்பாடி ஒலிபெருக்கி வாடகைக் கடைத் தம்பிகள் செய்த வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். யானைகள் தூரத்தில் இருக்கும் தங்கள் கூட்டத்தோடு பேசுவது அடிவயிற்று உறுமலால். அதன் அடித்தொனி பெரும்பாலும் 35 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 35 அதிர்வுக்கு) கீழே. சில உறுமல்கள் 20-க்கும் கீழே இறங்கி நம் காதுக்கு எட்டாமல் போய்விடும். 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் உயிரியல் பூங்காவில் விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்து, அதைப் பின்தொடர்ந்துதான் இதைக் கண்டறிந்தார். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. தம்பிகள் பெரிய பேஸ் பெட்டியைப் படுக்க வைத்து, அதன்மேல் எவர்சில்வர் தட்டில் ரவையைத் தூவி, தொனியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். ஒரு கட்டத்தில் காதுக்கு ஒன்றும் இல்லை. தட்டில் ரவை மட்டும் கோடு கோடாக நகர்ந்துகொண்டிருந்தது. காது கேளாத பிள்ளைகள் சிலர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துவிட்டு எடுக்கவே மனமில்லாமல் நின்றார்கள்.

மாதவரம் லாரி பட்டறைக்கும் கடன்பட்டிருக்கிறோம். நைரோபியில் மூன்று வயதை ஒட்டிய குட்டிகளைக் கென்யாவின் சாவோ காட்டுப் பக்கம் கொண்டுபோவது லாரியில்தான். புறப்படும் நாளில் திடீரென்று ஏற்ற முடியாது. பல நாள் முன்பிருந்தே லாரியை மேட்டோடு ஒட்டி நிறுத்தி, உள்ளே வைத்துத்தான் பால் கொடுப்பார்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட குட்டிகளாகப் பார்த்துச் சேர்த்தே அனுப்புவார்கள். தனியாகப் போன குட்டி புது இடத்தில் ஏங்கும். பட்டறைக்காரர்கள் சாய்பலகையைப் போட்டு, அது அதிராமல் இருக்கக் கீழே பழைய டயரை அடைகொடுத்து, மேலே மண் பரப்பினார்கள். காலுக்குக் கீழே ஆடினால் யானை அடுத்த அடி வைக்காது என்பதை லாரிக்காரர்கள் சொல்லித்தான் பலர் கேட்டுக்கொண்டார்கள்.

காசிமேட்டிலிருந்து வந்த மீன்காரம்மா ஒருவர் கேட்ட கேள்விக்கு நன்றி: "வளத்தவங்கள வுட்டுட்டு அது எப்டிமா போவும்?" கண்காட்சியின் பாதி அந்தக் கேள்விக்கான பதிலாகவே ஆகிவிட்டது.

போவதற்கான ஏற்பாடு முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. ஒரே ஆள் ஒரு குட்டியோடு தொடர்ந்து படுப்பதில்லை; இரவுக்கிரவு மாறுவார்கள். டாஃப்னி வளர்த்த ஆயிஷா என்ற குட்டி அவரிடம் மட்டுமே ஒட்டியிருந்தது. மகள் திருமணத்துக்காக அவர் சில நாள் வெளியூர் போனதும் அது உண்ணாமல் ஏங்கி இறந்தது. அதற்குப் பிறகு வந்த பழக்கம் இந்த மாற்றம். மனிதர் பலராக இருக்கும்போது, குட்டியின் நெருக்கம் பக்கத்தில் இருக்கும் மற்றக் குட்டிகள் மேல் விழுகிறது. கொஞ்சம் பெரிய பெண்குட்டிகள் புதிதாக வந்ததைத் தும்பிக்கையால் தடவி, நடுவில் விட்டு, நடத்திக்கொண்டு போகும். ஐந்து வயதுகூட ஆகாத பெண்குட்டி தாய்போல நடந்துகொள்ளும்.

சாவோ கிழக்குப் பூங்காவின் வடக்கே இதும்பாவில் 2004-ல் தொடங்கிய முகாமில் காலையில் அடைப்பைத் திறந்தால் வெளியே பெரும்பாலும் பழைய குட்டிகள், இப்போது வளர்ந்து காட்டில் வாழ்பவை, காத்திருக்கும். சின்னவற்றோடு சேர்ந்து மேயும், சேற்றில் புரளும், சாயங்காலம் பிரிந்துபோகும். சில நாளில் ஒரு சின்னக் குட்டி அவற்றோடு வெளியிலேயே தங்கிவிடும். நடுராத்திரியில் பயந்து திரும்பி வந்தால் காவலர் கதவைத் திறந்துவிடுவார். இப்படிப் போவதும் வருவதுமாக ஐந்து முதல் பத்து ஆண்டு ஓடும். யாரும் "இன்றோடு விடுதலை" என்று தேதி குறிப்பதில்லை. குட்டியே முடிவு செய்கிறது. அங்கே வளர்ந்த முலிக்கா என்ற பெண் யானை 2011-ல் காட்டில் கன்று ஈன்று, அதைக் காவலர்களிடம் கூட்டி வந்தது. 2012-ல் அதேபோல் யாட்டா என்ற பெண் யானையும் தன் கன்றோடு வந்தது. ஆகவே, அம்மா, விட்டுவிட்டுப் போவதென்பது முழுச் சொல் இல்லை. அது யானைகளிடம் போகிறது, வளர்த்தவரையும் மறக்கவில்லை.

ஆண் குட்டிகளுக்கு இது மட்டும் போதாது என்று விளக்கிய கல்லூரி மாணவிகளுக்குப் பாராட்டு. தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பர்க் பூங்காவில் பெரிய ஆண் யானைகளே இல்லாமல் வளர்ந்த இளம் ஆண்கள், 1990-களில் மதம் முற்றி 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-ல் அந்நாட்டின் க்ரூகர் பூங்காவிலிருந்து ஆறு மூத்த ஆண்களைக் கொண்டுவந்து விட்டதும் இளையவற்றின் மதம் தணிந்தது, கொலையும் நின்றது. பாலும் கொட்டகையும் எத்தனை நன்றாக இருந்தாலும் கூட்டத்தில் பெரியவர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாங்கள் பார்த்ததில்லை.

முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமின் ரகு, பொம்மி குட்டிகளைப் பற்றிக் கேட்டவர்கள் ஏராளம். பராமரிப்பாளர் தம்பதி பொம்மனும் பெள்ளியும் உயிராக வளர்த்த அந்த இரண்டும் முகாம் யானைகளாக வளர்ந்தவை. காட்டுக்குத் திரும்புவது வேறு வழி. அந்த வழியைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் இலங்கையின் உடவளவை. அங்கே 1995 முதல் குட்டிகளை மனிதத் தொடர்பைக் குறைத்து வளர்த்து, கூட்டமாகவே காட்டில் விடுகிறார்கள். பால் கொடுப்பதை மக்கள் தள்ளி நின்றுதான் பார்க்க முடியும். தொட விடாதது சரியான முடிவு என்பது எங்கள் உறுதியான கருத்து. தனியாக நிற்கும் குட்டியைக் கண்டால் தொடாமல், பால் தண்ணீர் கொடுக்காமல், கூட்டம் கூடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தாயோடு சேர்ப்பதுதான் முதல் வைத்தியம். 2023 டிசம்பரில் ஆனைமலைப் பகுதியில் நம் வனத்துறையினர் அதைச் செய்துகாட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு வாடகை யானையைக் கொண்டுவரலாம் என்ற பேச்சு எழுந்தபோது, வேண்டாம் என்று ஒரே குரலில் சொன்ன தெருப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். தார்ச்சாலை வெயிலில் ஒரு யானையை நிற்கவைத்துவிட்டு உள்ளே இதையெல்லாம் பேசியிருக்க முடியாது.

சேற்றுக் குளியலுக்குக் களிமண் அனுப்பிய கொசப்பேட்டைக் குயவர்கள், இரவில் பந்தலைக் காத்த ஆட்டோ நிறுத்தத்து அண்ணன்கள், மண்ணும் ரவையும் எண்ணெயும் சிந்திய கூடத்தைக் கழுவித் தந்த தூய்மைப் பணியாளர் அக்காக்கள், பள்ளித் தலைமையாசிரியர் எல்லாருக்கும் நன்றி. கம்பளித் திரை, புட்டிகள், விளக்க அட்டைகள் பள்ளி நூலக அறையில் இருக்கின்றன. வேறு பள்ளிகள் கேட்டால் எடுத்துப் போகலாம். திரையை மடிக்கும்முன் கீழ்மடிப்பு மணலை மட்டும் கொட்டிவிடுங்கள்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவினர்,
தண்டையார்பேட்டை