நிழலின் ஓரத்தை அளக்கும் வீட்டுப்பாடம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நண்பகல் வெயிலில் அட்டையும் ஸ்கேலுமாக நின்றால் திட்ட வேண்டாம். அறிவியல் ஆசிரியர் கொடுத்த வீட்டுப்பாடம்தான். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் அட்டையைப் பிடித்தால் நிழலின் ஓரம் வெட்டினாற்போல் விழாது. மங்கலாக ஒரு பட்டை தெரியும். அதன் அகலத்தை அளந்து வர வேண்டும். ஏறக்குறைய 1 செ.மீ. வரும்.

சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டாகத் தெரிவதால்தான் இந்தப் பட்டை. வட்டு முழுவதும் மறைகிற இடம் கருநிழல். ஒரு பகுதி மட்டும் மறைகிற இடம் புறநிழல். சூரியனின் விட்டத்தைப்போல ஏறத்தாழ 107 மடங்கு தொலைவில் நாம் இருக்கிறோம். ஒரு பொருளின் கருநிழலும் அதன் அகலத்தைப்போல அவ்வளவு மடங்கு தூரம்தான் நீளும். உயரத்தில் வட்டமிடும் பருந்தின் நிழலைத் தரையில் காணோமே, காரணம் இதுதான்.

புறநிழலுக்கு ஆங்கிலத்தில் ஏன் 'பெனம்பிரா' என்று பெயர் எனச் சில பிள்ளைகள் கேட்டார்கள். லத்தீனில் 'உம்பிரா' என்றால் நிழல், 'பைனே' என்றால் கிட்டத்தட்ட. இரண்டையும் சேர்த்து இச்சொல்லை 1604-இல் ஆக்கியவர் வானியலாளர் கெப்ளர். தீபகற்பத்தைக் குறிக்கும் 'பெனின்சுலா'வும் அதே வார்ப்புதான்: கிட்டத்தட்டத் தீவு. குடைக்கான 'அம்பிரெல்லா'வும் உம்பிராவின் வழி வந்ததே.

சிலர் 'அரைநிழல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பாதி இருட்டு, பாதி வெளிச்சம் என்று அங்கே எதுவும் நிலையாக இல்லை; உள்ளே அடர்ந்து, வெளியே போகப்போகக் கரைகிறது. பாடத்தில் 'புறநிழல்' என்றே எழுதட்டும்.

2023 மே 5 இரவு மொட்டைமாடிக்குப் போய், "எங்கே கிரகணம்?" என்று ஏமாந்தவர்கள் உங்களில் இருக்கலாம். அன்று நிலா பூமியின் புறநிழலுக்குள் மட்டுமே போனது. ஒளி லேசாகக் குறைந்ததைக் கண் எளிதில் பிடிக்காது. பஞ்சாங்கங்களும் பொதுவாக இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2027 ஆகஸ்ட் 2 மாலை அப்படி இருக்காது. எகிப்தின் லக்சரில் முழுச் சூரிய கிரகணம்; நிலாவின் புறநிழலுக்குள் வரும் நமக்குப் பகுதி கிரகணம்.

சரி, முக்கியமான ஒன்று. பிள்ளைகள் பார்க்க வேண்டியது நிழலை மட்டும்தான். சூரியனை அண்ணாந்து பார்க்க விடாதீர்கள். அளவுகளைக் குறித்த நோட்டை வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்