டேஷ்போர்டில் வயர்லெஸ் செட்: மழைக்கு முன்பே முறையாகப் பொருத்த வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னேற்பாடு என்றால் படகுகளையும் மணல் மூட்டைகளையும் பற்றிப் பேசுகிறோம். அவற்றோடு, உரிமம் பெற்ற ஹாம் வானொலித் (தொழிலுக்காக அல்லாமல் சொந்த ஆர்வத்தில் வயர்லெஸில் பேசுவது) தன்னார்வலர்களின் வண்டிகளில் வயர்லெஸ் செட்டுகள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும் என்று கேட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் சேரன்மகாதேவிப் பகுதியில் பிக்கப் வண்டி வைத்து வாழைத்தார் ஏற்றுபவன். ஹாம் உரிமமும் பெற்றவன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஓடியது. மின்சாரம் நின்று, பல இடங்களில் கைப்பேசிகளும் ஊமையாகிவிட்டன. அன்று காலை என் வண்டியிலிருந்த செட்டில், பாளையங்கோட்டைப் பக்கமிருந்து நண்பர் ஒருவர் எந்தச் சாலையில் வண்டி போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. பதில் சொல்ல மைக்கை அழுத்தினேன், திரை அணைந்துவிட்டது. கையை எடுத்ததும் மீண்டும் எரிந்தது. பத்துப் பன்னிரண்டு முறை முயன்றும் கேட்க முடிந்ததே தவிர, ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

காரணம் செட்டில் இல்லை. அதை மாட்டியிருந்த விதத்தில்தான் இருந்தது. பொருத்திய கடைக்காரர், "அண்ணாச்சி, லைட்டர் பாயிண்ட்ல எடுத்தா போதும், எல்லாரும் இப்படித்தான் மாட்டுதாங்க" என்றார், நானும் தலையாட்டினேன். செட் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு அம்பியர்கூட இழுக்காது. ஆனால் 50 வாட் சக்தியில் பேசும்போது 10 அம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். சிகரெட் லைட்டர் செருகும் அந்தத் துளைக்கு வரும் மெல்லிய வயரில் அவ்வளவு மின்சாரம் பாயும்போது வோல்டேஜ் இறங்கி, செட் தானாக நின்றுவிடுகிறது. அன்றாடம் நான் 5 வாட்டிலேயே பேசி வந்ததால், இந்தக் குறை மாதக்கணக்கில் தெரியாமலே இருந்து, முழுச் சக்தி தேவைப்பட்ட நாளில்தான் வெளிப்பட்டது.

பிறகு நானே எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். பேட்டரியிலிருந்து தடித்த வயரை நேராக இழுத்து, பேட்டரியின் இரு முனைகளை ஒட்டியே 15 அம்பியர் ஃபியூஸ்களை வைத்தேன். ஃபியூஸை செட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவேயுள்ள தகரச் சுவரைத் தாண்டும் இடத்தில் வயர் உரசித் தோல் கிழிந்தால், பேட்டரியின் முழு மின்சாரமும் அங்கேயே பாய்ந்து தீப்பிடிக்கும். அதைத் தடுக்க வேண்டிய ஃபியூஸ் அதற்கு முன்பாக இருந்தாக வேண்டும். அந்த ஓட்டையில் ரப்பர் வளையம் போடாமல் வயரை விடுவதை நான் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். ஐம்பது ரூபாய்கூடப் பெறாத பொருளை விட்டுவிட்டு வண்டியையே பணயம் வைக்கிறோம்.

டேஷ்போர்டின் மீது செட்டை ஒட்டி வைப்பதும் தவறு. சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியில் எந்தப் பசையும் தாங்காது. ஏர்பேக் உள்ள வண்டியானால், அது விரியும் வேகத்தில் செட் முகத்தில் வந்து மோதும். முகப்பு தனியே கழலும் செட்டாக இருந்தால், உடல் பகுதியை இருக்கைக்கு அடியில் காற்றோட்டமாகத் திருகிவிட்டு, முகப்பை மட்டும் பாட்டுப்பெட்டிக்கான இடத்தில் அலுமினியத் தகடு வெட்டிப் பொருத்துவதே நேர்த்தியானது. மைக்கின் கொக்கி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடக்கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதன் சுருள் வயர் கியர் தண்டில் சிக்கக் கூடாது.

ஆன்டெனாவுக்கு ஏற்ற இடம் கேபின் கூரையின் நடுப்பகுதிதான், ஏனெனில் அந்த இரும்புத் தகடே ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது. நாங்கள் பேசும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அரை மீட்டர் நீளமுள்ள கம்பியே போதும். தார் ஏற்றும்போது இடிபட்டால் வளைந்து நிமிர, அடியில் ஸ்பிரிங் இருப்பது நல்லது. கேபிள் உள்ளே நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்குமாறு விட்டால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்; கேபினுக்குள் இறங்காது.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வெழுதி உரிமம் பெறாமல் இந்த அலைகளில் பேசுவது குற்றம். உரிமம் இருந்தாலும் சரக்கு, வாடகை போன்ற தொழில் பேச்சுக்கு இடமில்லை. என் வண்டியிலும் லோடு விஷயம் கைப்பேசியில் மட்டும்தான்.

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது இதுதான். ஐப்பசி பிறக்குமுன் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் உரிமம் பெற்ற தன்னார்வலர்களை வண்டிகளோடு ஒரு நாள் அழைத்து, முழுச் சக்தியில் பேசவைத்துச் சோதிக்க வேண்டும். பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்காரர்களுக்கு இந்த வேலையை அரை நாள் செய்து காட்டவும் ஏற்பாடு செய்யலாம். பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு வண்டி வேண்டுமென்றால், என் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
பிக்கப் வண்டி உரிமையாளர்,
சேரன்மகாதேவி.