தம்பிக்கு ஒரு கடிதம்: கதவு நிலையும் கட்டட விதியும்

அன்புள்ள தம்பிக்கு,

புது வீடு எதுவானாலும் சக்கர நாற்காலி நுழையும்படி கட்டச் சொல்லி கட்டட விதியே வேண்டும் என்றேன். "வேண்டும் என்பவர் கேட்டால் வரைந்து கொடுத்துவிடப் போகிறேன், அதற்குப் போய் எதற்கு விதி?" என்று கேட்டாய். இத்தனை வருடமாக வீடு வரைகிறாயே, எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? முப்பது வயதில் வீடு கட்டுகிறவர் தன் இடுப்பெலும்பு முறியும் என்று நினைத்துக்கொண்டா உன்னிடம் வருவார்?

அம்மா குளியலறையில் விழுந்த அன்று நீ ஊரில் இல்லை. கதவு உள்பக்கம் திறப்பது. அதன் பின்னாலேயே விழுந்து கிடந்தாள். தள்ளினால் அவள் மேல்தான் இடிக்கும். கடைசியில் கதவைக் கீலோடு கழற்றித்தான் உள்ளே போனோம். அவள் சக்கர நாற்காலியில் வீடு திரும்பிய பிறகு அடுத்த கூத்து. வரைபடத்தில் அந்தக் கதவு 75 செ.மீ. இரண்டு நிலைக்காலும் கதவின் கனமும் போக மிஞ்சியது 60. சக்கர நாற்காலியோ 65. நிலையைப் பெயர்த்தோம், டைல்ஸ் உடைந்தது, கூடவே நீர்க்கசிவும் வந்து சேர்ந்தது. கைப்பிடி மாட்டலாம் என்றால் உள்ளே வெற்றிடமான ஹாலோ பிளாக் சுவரில் திருகு நிற்கவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் கைப்பிடி மாட்டு என்று விதி சொல்ல வேண்டாம். அதைத் தாங்கும் சுவரைக் கேட்கட்டும், போதும். பிறகு மாற்ற முடியாதவை எவையோ அவற்றை மட்டும் கட்டாயமாக்கு என்கிறேன். வாசலில் 15 செ.மீ. படி ஒன்று இருந்தால், 1:12 சரிவில், அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் என்ற கணக்கில், 1.8 மீட்டர் சாய்தளம் வேண்டும். கட்டி முடித்த வீட்டில் அதற்கு இடம் எங்கே? தரைமட்டம் குறிக்கும் நாளிலேயே படி வேண்டாம் என்று முடிவு செய்தால் ஒரு கோட்டை மாற்றி வரைவதுதான் வேலை. மழைநீர் உள்ளே வரும் என்பாய். நியாயமான பயம்தான், வாசலுக்கு முன் கம்பி வலை மூடிய வடிகால் ஒன்று போட்டால் தீர்ந்தது.

1987இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் மாற்றுத்திறனாளி உரிமைக்காகப் போராடிய எலினார் ஸ்மித் தொடங்கிய இயக்கம் கேட்டது மூன்றே மூன்று: படியில்லாத ஒரு வாசல், அகலமான கதவுகள், தரைத்தளத்தில் ஒரு கழிப்பறை. வீட்டுக்காரருக்குத் தேவைப்படாவிட்டாலும் விருந்தாளிக்குத் தேவைப்படுமே! எனக்குப் பிடித்த வாதம் இது. நம் வீட்டுக்கு வர முடியாத நண்பர்களை நாம் கூப்பிடுவதையே நிறுத்திவிடுகிறோம், கவனித்திருக்கிறாயா?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற பிமா கவுண்டி 2002இல் இதைத் தனி வீடுகளுக்கும் கட்டாயமாக்கியது. கட்டுநர் தரப்பு வழக்குப் போட்டது, நீதிமன்றத்தில் விதியே வென்றது. இங்கிலாந்தில் 1999 முதலே புது வீடுகளுக்கு இப்படி விதி இருக்கிறது. மாடி வீடுகள் எல்லாவற்றுக்கும் லிஃப்ட் வை என்று நானும் கேட்கவில்லை. சின்ன மனையில் கட்டுகிறவரை அது நசுக்கிவிடும்.

நேற்று நீ அனுப்பிய புது வரைபடத்தைப் பார்த்தேன். குளியலறைக் கதவு மறுபடியும் 75, உள்பக்கம் திறக்கிறது. 90 ஆக்கு. வெளிப்பக்கம் திறக்கட்டும்.

அன்புடன்,
அக்கா