கசப்பு வேரின் முதல் உரிமையாளர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் காட்டுப்பூக்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, மான்டானாவின் மாநில மலரான பிட்டர்ரூட்டை, அதாவது கசப்பு வேர்ச் செடியை, அமெரிக்க ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ் கண்டுபிடித்தார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அதன் வேரை உண்டு வாழ்ந்த அப்பகுதிப் பழங்குடியினரான சாலிஷ் மக்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

சரளை நிலத்தில் தரையோடு ஒட்டி வளரும் இச்செடியைத் தாவரவியலாளர்கள் நெடுங்காலம் நம் பருப்புக்கீரையின் குடும்பத்திலேயே வைத்திருந்தனர். பூக்கும் வேளையில் சதைப்பற்றான இலைகள் வாடத் தொடங்குவதால், இளஞ்சிவப்புப் பூ வெறும் மண்ணிலிருந்தே விரிந்ததுபோல் தோன்றும். பூப்பதற்கு முன், தோல் எளிதில் உரியும் வசந்த காலத்தில் சாலிஷ் மக்கள் வேரைத் தோண்டி உலர்த்தி வைப்பார்கள். பருவத்தின் முதல் வேருக்கான வழிபாடும் விருந்தும் இன்றும் நடைபெறுகின்றன.

பஞ்சத்தில் தன் பிள்ளைகள் வாடுவதைக் காணப் பொறாத மூதாட்டி ஒருத்தி ஆற்றங்கரையில் அழுதாள் என்றும், இரங்கிய சூரியன் அனுப்பிய செம்பறவை, அவள் கண்ணீர் விழுந்த மண்ணில் இச்செடியை முளைக்கச் செய்தது என்றும் அவர்கள் கதை சொல்கிறது. பூவின் சிவப்பு பறவையின் இறகிலிருந்தும் வெண்மை கிழவியின் நரையிலிருந்தும் வந்தனவாம். வேரின் கசப்பு அவளுடைய துயரமாம். தலைமுறை தலைமுறையாக உண்டு பழகியவர்கள்தாம் ஓர் உணவின் சுவைக்கு இப்படிக் காரணம் சொல்ல முடியும்.

லூயிஸோ, 1805 ஆகஸ்டில் ஷோஷோனி என்ற மற்றொரு பழங்குடி மக்களின் மூட்டையிலிருந்த வேரை வேகவைத்துச் சுவைத்துவிட்டு, குமட்டுகிறது என்று குறித்துவைத்தார். 1806 ஜூலையில் அவர் சேகரித்த செடி, உலர்ந்த நிலையில் பிலடெல்பியா சென்றபின் நட்டதும் துளிர்த்தது. அந்த வியப்பில்தான் தாவரவியலாளர் பிரெட்ரிக் பர்ஷ், 1814இல் வெளியான நூலில், உயிர்மீண்டது என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து 'லூயிசியா ரெடிவிவா' என்று பெயரிட்டார். அது ஓராண்டுக்கு மேல் உயிரோடிருந்தும் அதன் பூவைக் காணும் வாய்ப்புத் தமக்குக் கிட்டவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பெயர் சூட்டியதில் குறையில்லை. அதைக் கண்டுபிடிப்பு என்பதுதான் பொருந்தவில்லை.

இன்னொன்றையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். தலைவர் சார்லோவும் அவரைச் சார்ந்த சாலிஷ் மக்களும் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது 1891இல். அப்பூவை மான்டானா தன் மாநில மலராக்கியது 1895இல். இணைப்பின் அடுத்த இதழில் இவற்றைச் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திண்டுக்கல்.