கயிற்றில் முடிச்சுப் போட்ட பாட்டிக்கும் எங்கள் தெருவுக்கும்

எங்கள் படித்துறைத் தெரு மக்களுக்கு வணக்கம்.

ஆடிப்பெருக்கன்று என் மகள் காவிரியில் மூழ்கப்போய்ப் பிழைத்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. மகள் நேற்று மாலை வீடு திரும்பிவிட்டாள். இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். அவள் மூச்சு ஏறி இறங்குவதை நடுநடுவே பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, கரையோரம் இட்லிக் கடை வைத்திருக்கும் பாட்டிக்கு. கயிறு கட்டிய கேனை அவளுக்கு வீசிய தம்பியை ஊரே கொண்டாடுகிறது. அந்தப் பிள்ளை நூறு வயது வாழட்டும். ஆனால் அவன் எடுத்து வீச அங்கே ஒரு கேன் இருந்ததே, அது யாரால்?

மூன்று வருஷத்துக்கு முன் தெருவில் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வசூலித்து நைலான் கயிறு வாங்கினோம். நானும் கொடுத்தேன், அத்தோடு மறந்தேன். பாட்டி மறக்கவில்லை. ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைக் கழுவி, அடியில் நான்கு விரல் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கிக் கயிற்று நுனியில் கட்டியவர் அவர். வெறும் கேனை வீசினால் காற்று தள்ளிவிடும். கொஞ்சம் கனம் இருந்தால்தான் நினைத்த இடத்தில் போய் விழும், விழுந்தாலும் மிதக்கும். ஈரக்கை வழுக்காமலிருக்க முழத்துக்கு ஒரு முடிச்சு. வேப்பமரத்தில் ஆணியைப் பெரியவர்கள் உயரத்துக்கு அடித்திருந்தார்களாம். பாட்டிதான் பிடுங்கச் சொல்லி, தம் தோளுயரத்துக்கு இறக்கி அடிக்க வைத்திருக்கிறார். "ஆற்றில் கிடப்பது பிள்ளைகள்தானே, அவர்கள் கைக்கு எட்ட வேண்டாமா?" என்றாராம். அன்று அதை எடுத்து வீசியவன் ஒன்பதாம் வகுப்புப் பையன்.

நேற்றிரவு அவரைப் பார்க்கப் போனேன். கயிற்றைக் கொடியில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சு மட்டும் கல்லாக இறுகியிருந்தது. "உன் மகள் பிடித்தது இதுதான்" என்று என் விரலை எடுத்து அதன்மேல் வைத்தார். எனக்குப் பேச்சே வரவில்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்டு இலையில் நான்கு இட்லி வைத்தார். இரண்டு நாளுக்குப் பிறகு நான் சாப்பிட்டது அதுதான்.

குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்ற வந்தவர்களைத் தடுத்து வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்த செவிலியர் அக்கா, 108 வண்டியில் வந்தவர்கள், அவள் நன்றாகப் பேசிய பிறகும் அவசரப்பட்டு அனுப்பாமல் கவனித்த தஞ்சை மருத்துவர்கள், சின்னவனுக்குச் சோறூட்டித் தூங்கவைத்த எதிர்வீட்டார், எல்லோருக்கும் என் கைகூப்பு.

நான் இந்தக் காவிரியில் நீந்தி வளர்ந்தவள். ஆறு எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தேன். மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓரடியில் முழங்கால், அடுத்த அடியில் ஆள் முழுகும் ஆழம். மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகு நேற்றுப் பார்த்த ஆறு இன்று இருப்பதில்லை.

கீழண்டைப் படித்துறைகள் இரண்டிலும் இன்னும் கயிறு இல்லை. அந்தச் செலவு என்னுடையது. கேன்களைக் கழுவி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை முடிச்சுப் போட்டுக் காட்ட வருவதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார். சுத்தியல் உள்ளவர்கள் எடுத்து வாருங்கள். ஆணி பாட்டியின் தோளுக்கு மேலே போக வேண்டாம்.