கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு: அத்தை கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்வது?

சிங்கப்பூரிலுள்ள இந்துக் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

நான் எந்தக் குழுவிலும் இல்லை. தைப்பூசத்தன்று பால்குடத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் பாட்டில் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை அன்னதானப் பந்தியில் உட்கார்கிற ஆள். அந்த உரிமையில்தான், இறந்தவரின் உறுப்புகளை எடுப்பது பற்றி எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் என் அக்கா வீட்டுக்காரர் குளியலறையில் மயங்கி விழுந்தார். மூளைக்குள் ரத்தக்கசிவு. மூன்றாம் நாள் மாலை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பக்கத்துச் சின்ன அறையில் டாக்டர் எங்களை உட்காரவைத்து ஆங்கிலத்தில் சொன்னார். அத்தானுடைய அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ‘மூளைச்சாவு’ என்பது பேப்பரில் படித்த சொல், வாயில் வரவில்லை. “அத்தை, அத்தானுக்கு மூளை நின்னு போச்சு” என்றேன். அத்தை எழுந்து உள்ளே போனார். போர்வையை விலக்கி மகனின் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“கால் சூடா இருக்கேடா. நெஞ்சு ஏறி எறங்குது. என்ன சொல்ற நீ?”

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். ரத்தம் கசிந்து மூளை வீங்கினால், மண்டை ஓட்டுக்குள் அதற்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் மூளைக்கு ரத்தம் போவதே நின்றுவிடும். மூச்சு விடச் சொல்லும் மூளைத்தண்டும் அதோடு சேர்ந்து போய்விடும். இதயம் வேறு மாதிரி. அதற்குத் துடிப்பைத் தொடங்கி வைக்க மூளை வேண்டாம். இயந்திரம் பிராணவாயுவைக் கொடுக்கும்வரை கொஞ்ச காலம் துடிக்கும். கால் சூடாக இருந்தது அதனால்தான். மூளை செயலிழந்துவிட்டதா என்று உறுதி செய்ய, டாக்டர்கள் கண்ணில் வெளிச்சம் அடித்தும், தொண்டையைத் தூண்டியும் பார்க்கிறார்கள். கடைசியில் சுவாச இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, ரத்தத்தில் கரியமில வாயு ஏறியும் தானாக ஒரு மூச்சாவது வருகிறதா என்று காத்திருக்கிறார்கள். இரண்டு மருத்துவர்கள் உறுதி செய்ய வேண்டும். உறுப்பை எடுக்கும் குழுவிலோ, அதைப் பெறுபவரைத் தேர்வு செய்வதிலோ அவர்களுக்கு எந்தப் பங்கும் இருக்கக் கூடாது. கோமாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு. இதிலிருந்து யாரும் வந்ததில்லை.

அப்புறம் உறுப்பு விஷயத்தைச் சொல்ல ஒருவர் வந்தார். அத்தான் தம் உறுப்புகளை எடுக்க மறுப்புத் தெரிவித்து எழுதிக் கொடுக்கவில்லையாம். அதனால் சட்டப்படி எடுக்கலாமாம். அப்படி ஒரு சட்டம் இருப்பது அத்தானுக்குத் தெரியுமா என்பதே எங்களுக்குத் தெரியாது. அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “முழுசா இல்லாத உடம்புக்குக் காரியம் பண்ணா அவனுக்குப் போய்ச் சேருமா? ஐயரைக் கேளு.”

இரவு எட்டரை மணிக்கு ஒரு கோயில் அலுவலகத்துக்கு போன் செய்தேன். எந்தக் கோயில் என்பது இங்கே முக்கியமில்லை. எடுத்தவர், “அது உங்க குடும்ப விஷயங்க, நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது” என்று வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரும் அவரிடம் அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். மனித உறுப்பு மாற்றுச் சட்டம், ‘ஹோட்டா’, 1987ல் வந்தது. முதலில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும். 2004ல் கல்லீரல், இதயம், கருவிழி ஆகியவையும் சேர்ந்தன. விபத்து என்ற வரம்பும் போனது. 21 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மறுத்து எழுதிக் கொடுக்காவிட்டால் இதற்குள் வந்துவிடுகிறார்கள். முஸ்லிம்களை அப்போது சட்டம் சேர்க்கவில்லை. அவர்கள் பேசினார்கள், விவாதித்தார்கள். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 2007ல் ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தது. 2008 ஆகஸ்டில் அவர்களும் சேர்ந்தார்கள். நாம் முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறோம். அதனாலேயோ என்னவோ, நாம் உட்கார்ந்து பேசவே இல்லை.

இதைச் சொன்னால் உங்களில் சிலர் உடனே கண்ணப்ப நாயனாரை அழைத்து வருவீர்கள் என்று தெரியும். வேண்டாமே. கண்ணப்பர் தெரிந்து கொடுத்தார், தம் கையாலேயே கொடுத்தார். சும்மா இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது சட்டத்துக்குச் சரி. அதற்குத் தானம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்துகொண்ட பிறகும் ஒருவர் மறுக்காமல் இருந்தால், அது தானம். அந்தத் ‘தெரிந்துகொண்ட பிறகு’ நடக்கத்தான் உங்கள் மண்டபத்தைக் கேட்கிறேன்.

சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஓர் அண்ணன் வாரத்தில் மூன்று நாள், அதிகாலையில் டயாலிசிசுக்குப் போகிறார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒருநாள் லிஃப்டில் தம் முழங்கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்திருக்கும் இடம். தோலுக்கு அடியில் தேனீயை அடைத்துவைத்த மாதிரி அதிர்ந்தது. அவர் வருடக்கணக்கில் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்.

ஆகவே, என்ன செய்யலாம்? காரை நகர்த்தச் சொல்லி மைக்கில் அறிவிக்கிறீர்கள் அல்லவா, அந்த மைக்கை வருடத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் தமிழ் தெரிந்த ஒரு மருத்துவரிடம் கொடுங்கள். மறுக்க உரிமை உண்டு என்பதையும் அவர் சொல்லட்டும். மறுத்தவருக்கே ஓர் உறுப்பு தேவைப்பட்டால் பட்டியலில் முன்னுரிமை குறையும் என்பதையும், பிறகு மனம் மாறினால் மறுப்பைத் திரும்பப் பெறலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். தோல், எலும்பு போன்றவை வேறொரு சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றுக்கு நாமே முன்வந்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

காரியம் சேருமா என்பதற்கு டாக்டர் பதில் சொல்ல முடியாது. அதை நம் குருக்கள்மார்தான் பேச வேண்டும். அவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் அதையும் கேட்டுக்கொள்கிறோம். பதிலே இல்லாமல் ஆஸ்பத்திரி நடைபாதையில் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அத்தானின் இரண்டு சிறுநீரகங்களும் கல்லீரலும் போயின. யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை. உடம்பைத் தையல் போட்டுச் சுத்தமாகத்தான் கொடுத்தார்கள். வேட்டி கட்டியதும் ஒன்றும் தெரியவில்லை. புளோக் கீழ்த்தளத்தில் வைத்து, மண்டாய் தகனச்சாலையில் எல்லாம் முறைப்படி முடிந்தது. ஆனாலும் அமாவாசைப் படையல் முடிந்து இலை எடுக்கும்போதெல்லாம் அத்தை என்னைப் பார்த்து, “ஐயரைக் கேட்டியா?” என்கிறார்.

அவருக்கு 81 வயது. நன்றாக நடக்கிறார், காதும் கேட்கிறது. எந்தக் கோயில், எந்த நாள் என்று சொல்லுங்கள். அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு பக்தன்